பிடித்தது

சமீபத்தில் உங்களுக்குப் பிடித்தது என்ன என்று நம் வட்டத்தில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். ஒரு பெயர் வரும். அநேகமாக அது ஒரு நாவலாசிரியரின் பெயராக இருக்கும். கேட்டவர் இன்னும் படித்திராதவராக இருக்கும். பெயருக்குப் பின்னால் காரணங்கள் வரும். காரணங்கள் நன்றாகவே இருக்கும். ஆனால் கேட்டது பிடித்ததை, கிடைத்தது சிறந்ததை. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி வெகுநாட்களாகக் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம்.

‘பிடி’ என்கிற வினை விசித்திரமானது. குடையைப் பிடிக்கிறேன் என்னும்போது நான் எழுவாய். கடலைமிட்டாய் பிடிக்கும் என்னும்போது அந்த ஸ்தானத்தை இழந்து, ‘எனக்கு’ என்று நான்காம் வேற்றுமைக்கு இறங்கிவிடுகிறேன். பிடிப்பது நான் அல்ல. எனக்குச் சளி பிடிக்கிறது, பித்துப் பிடிக்கிறது, போகிற வழியில் மழை பிடித்துக்கொள்கிறது, ஒரு பெண்ணைப் பிடித்துப்போகிறது. எல்லாம் ஒரே வரிசை. நான் பி.ஏ.யில் படித்த ஆங்கிலத்தில் இதே வாக்கியத்தை எழுதினால் ‘நான்’ முதலில் வந்து நிமிர்ந்து நிற்கும். ரசிப்பது அங்கே ஒரு செயல். தமிழில் அது நமக்கு நேர்கிற ஒன்று, காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் வந்தபின் காரணம் தேடலாம். காரணங்களைச் சரியாக அடுக்கிவிட்டதனால் காய்ச்சல் வந்துவிடாது.

நான் வேலை பார்க்கிற வங்கிக் கிளையில் வாரத்தில் பாதி நாள் நகைக்கடன் கூட்டம்தான். கரிசல் பூமி; விதைப்புக்கு முன் நகைகள் உள்ளே வரும், அறுப்புக்குப் பின் அவற்றில் சில வெளியே போகும். மதிப்பீட்டாளர் கறுப்பு உரைகல்லில் நகையை ஓர் இழுப்பு இழுப்பார். மேலே ஒரு சொட்டு அமிலம். கோடு நிற்கிறதா கரைகிறதா என்று பார்ப்பார். அரக்குக்கு இவ்வளவு, கல்லுக்கு இவ்வளவு என்று கழித்து மிச்சத்தைச் சொல்வார். நான் கணினியில் ஏற்றுவேன். அந்தச் சங்கிலி யார் கழுத்தில் எத்தனை வருஷம் கிடந்தது என்பது இந்தக் கணக்கில் வராது, வரவும் கூடாது. மாத்யூ ஆர்னால்ட் 1880-ல் கவிதை பற்றி எழுதிய கட்டுரையில் விமர்சகன் கையில் கொடுத்தது இந்த உரைகல்லைத்தான். பெருங்கவிகளின் சில வரிகளை மனசில் வைத்துக்கொள், மற்றதையெல்லாம் அதில் உரசிப் பார் என்றார். கல்லூரியில் அது எனக்கு வெறும் உருவகம். இப்போது என் மேஜைக்கு நாலடி தள்ளி அந்தக் கல் கிடக்கிறது. விமர்சனம் என்று நாம் செய்வதில் பெரும்பகுதி இந்த உரசல்தான். அவசியமான வேலை, இல்லாவிட்டால் கவரிங்கெல்லாம் பெட்டகத்துக்குள் போய்விடும். ஆனால் எங்கள் மதிப்பீட்டாளர் ஒரு நாளும் ஒரு நகையைக் காட்டி ‘எனக்கு இது பிடித்திருக்கிறது’ என்று சொன்னதில்லை. இலக்கிய மதிப்பீட்டாளர்கள் சொல்கிறார்கள். உரைகல்லில் நின்ற கோட்டைக் காட்டி, இதோ எனக்குப் பிடித்தது என்கிறார்கள்.

இங்கே உரைகல்லைக் கூடியவரை ஒதுக்கிவைத்துவிட்டு, கடந்த சில வருஷங்களில் என்னைப் பிடித்துக்கொண்ட சிலவற்றைச் சொல்கிறேன். ஒரு தின்பண்டம், ஒரு மலை, ஒரு சினிமா, கொஞ்சம் நாதஸ்வரம். சினிமாவை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் கோவில்பட்டியிலிருந்து ஒரு பஸ் டிக்கெட்டுக்குள் அடங்குகிறவை.

கோவில்பட்டிக்காரனுக்குக் கடலைமிட்டாய் பிடிப்பதில் செய்தி எதுவும் இல்லை. 2020-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரில் அதே பேச்சாக இருந்தது. எனக்கு அதில் பெரிய உற்சாகம் இல்லை. சான்றிதழ் வந்துவிட்ட பண்டத்தைத் தின்னும்போது சான்றிதழையும் கூடவே கொஞ்சம் மெல்ல வேண்டியிருக்கிறது. (பரிசு பெற்ற நாவல்களில் நண்பர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும்.) எனக்கு அது மறுபடி பிடித்துப்போனது வேறு விதமாக.

2021-ல், இரண்டாவது அலையில், அப்பாவுக்குக் கொரோனா வந்தது. பிழைத்துக்கொண்டார். மோப்பம் மட்டும் திரும்பவில்லை. சிலருக்கு மாதக்கணக்கில் போய்த் திரும்புகிறது. அவருக்கு வருஷங்கள் ஆகிவிட்டன. சுவை என்று நாம் சொல்வதில் நாக்கின் பங்கு எவ்வளவு குறைவு என்பது அப்போதுதான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் விளங்கியது. நாக்கு தனியாக அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, இவற்றோடு ஜப்பானியர் பெயர் வைத்த உமாமி. நம்முடைய அறுசுவையில் கார்ப்பும் துவர்ப்பும் வாஸ்தவத்தில் தொடுவுணர்ச்சியைச் சேர்ந்தவை. ஒன்று எரிகிறது, மற்றது நாக்கைப் பிடித்து இறுக்குகிறது. மிச்சமெல்லாம், வறுத்த கடலையைக் கடலையாக்குவதும் காப்பியைக் காப்பியாக்குவதும், வாய்க்குள்ளிருந்து பின்வழியாக மூக்குக்கு ஏறுகிற வாசனைதான்.

அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். சாப்பாட்டில் கறார். இப்போது காப்பி கசப்புத் தண்ணீர் ஆகிவிட்டது. ரசம் புளித்த வெந்நீர். நெய் வெறும் வழவழப்பு. அம்மா சமையலில் நாற்பது வருஷமாகச் சொல்லிவந்த குறைகளை ஒரே மாதத்தில் நிறுத்திவிட்டார். அம்மாவுக்கு அது பெரிய துக்கமாக இருந்தது. தட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ‘ஏதாவது சொல்லுங்களேன்’ என்பாள். அவர் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிடுவார்.

ஒரு சாயங்காலம் வங்கியிலிருந்து வரும்போது பழக்க தோஷத்தில் கடலைமிட்டாய் வாங்கி வந்துவிட்டேன். அப்பா ஒரு துண்டை எடுத்து ஒடித்தார். இன்னொன்றை எடுத்துக் காதுக்குச் சற்றுப் பக்கத்தில் வைத்து ஒடித்த மாதிரி எனக்குத் தோன்றியது. வாயில் போட்டு நிதானமாக மென்றார். வாசனை ஏதாவது தெரிகிறதா என்று கேட்டேன்.

‘வாசம் எங்கய்யா இருக்கு? சத்தம் இருக்கு. இனிப்பு இருக்கு.’

இன்னும் இரண்டு துண்டு தின்றார். மறுவாரம் வேறொரு கடையில் வாங்கியதைக் கொடுத்தபோது ஒரு கடி கடித்துவிட்டுத் தட்டிலேயே வைத்துவிட்டார். ‘பாகு எளசு’ என்றார். நான் மென்று பார்த்தேன். பல்லில் ஒட்டத்தான் செய்தது. எனக்கு வாசனை தெரிந்துகொண்டிருந்ததனால் அதுவரை ஒட்டுவது தெரியவில்லை.

பாகுக்குப் பதம் பார்ப்பதே சத்தத்தை வைத்துத்தான். கொதிக்கிற வெல்லப்பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டி, தட்டில் போட்டால் கல் விழுந்த மாதிரி ‘டங்’ என்று கேட்க வேண்டும். அதற்கு முன் இறக்கினால் மிட்டாய் இழுபடும். கொஞ்சம் தாமதித்தால் கசந்துவிடும். வறுத்துத் தோல் புடைத்து உடைத்து வைத்த பருப்பை உடனே கொட்டிக் கிளறி, பலகையில் பரப்பி, கட்டையால் தேய்த்து, சூடு ஆறுவதற்குள் துண்டு போட்டாக வேண்டும். வேலை முழுக்க அவசரம். பண்டத்தில் அந்த அவசரம் தெரியாது. ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டால் வெல்லம் காற்றின் ஈரத்தை இழுத்து மிட்டாய் நமுத்துவிடும். அந்த நாட்களில் சாத்தூர் சேவு வாங்குகிறோம். மிளகாயின் காரத்துக்கு மோப்பத்தின் தயவு அவ்வளவு தேவையில்லை. சேவு நமுத்திருக்கிறது, காரம் போதாது என்று அப்பா இப்போது மறுபடியும் குறை சொல்ல ஆரம்பித்திருக்கிறார். அம்மாவுக்குப் பரம திருப்தி.

தொல்காப்பியத்தில் மெய்ப்பாடுகள் எட்டு: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. மெய்யில் படுவது, உடம்பில் தெரிவது. எட்டில் ஒன்றுகூடக் கருத்து இல்லை. நாக்குக்கும் கவிதைக்கும் சுவை என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கிற பாஷையில் விமர்சனத்திலிருந்து உடம்பு எப்போது வெளியேறிற்று என்று யாராவது ஆராயலாம். நம் பக்கங்களில் வருகிற மதிப்புரைகளில் பல, மோப்பம் போன பின்னும் மரியாதைக்காகக் ‘காப்பி பிரமாதம்’ என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கீழே வைக்கிற விருந்தாளியை ஞாபகப்படுத்துகின்றன. அப்பாவிடம் அந்த மரியாதை இல்லை. எது இருக்கிறதோ அதை மட்டும் சொன்னார்: சத்தம், இனிப்பு. அவரோடு உட்கார்ந்து தின்னத் தொடங்கியபின் எனக்கு அந்தப் பண்டமே வேறாகிவிட்டது. வெறும் கடலைமிட்டாய் என்று நண்பர்கள் இதைத் தள்ளலாம். எனக்குச் சமீபத்தில் எந்தக் கவிதைத் தொகுப்பும் இவ்வளவு கவனத்தைக் கற்றுக்கொடுக்கவில்லை.

வங்கிகளுக்கு இரண்டாம் சனியும் நான்காம் சனியும் விடுமுறை என்று 2015-ல் ஆயிற்று. அவற்றில் பலவற்றை நான் கழுகுமலையில் செலவழிக்கிறேன். சங்கரன்கோவில் போகிற பஸ்ஸில் ஏறினால் இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். இதைப் பிரயாணம் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஜன்னலுக்கு வெளியே மக்காச்சோளம், சீமைக்கருவேலம், தீப்பெட்டி ஆபீஸ் சுவர். சித்திரையில் வெடித்துக் கிடக்கிற கரிசல். எல்லோரா பார்த்துவிட்டு வந்த நண்பர் ஒருவர், அதைப் பார்த்தபின் இது உங்களுக்குச் சின்னதாகத் தெரியும் என்று எச்சரித்தார். கையோடு உரைகல்லை எடுத்துப்போகிறவர்களுக்கு எந்த ஊரும் சின்னதுதான்.

மலையடிவாரத்தில் முருகன் கோயில். பாறையைக் குடைந்த கருவறை. அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடியது இந்த முருகன்மேல்தான். 1865-ல் பிறந்து 1891-லேயே போய்விட்டார், முப்பதைக்கூடப் பார்க்கவில்லை. கூட்டமெல்லாம் அங்கே. மேலே ஏறுகிற பாறையில் ஆள் குறைவு.

வெட்டுவான் கோயிலில் நாம் முதலில் பார்ப்பது அதன் தலையை. மற்றக் கோயில்களில் அண்ணாந்து பார்க்கிற விமானம் இங்கே நாம் நிற்கிற பாறையின் விளிம்புக்குச் சமமாக, கண்ணுக்கு நேரே இருக்கிறது. அது கட்டின கோயில் அல்ல. 8-ம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில், பாறையைச் சுமார் 7.5 மீட்டர் ஆழத்துக்கு வெட்டி இறக்கி, நடுவில் விட்ட கல்லை மேலிருந்து கீழாகக் கோயிலாக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். சிகரம் முடிந்துவிட்டது. உமையோடு உட்கார்ந்திருக்கிற சிவன் முடிந்துவிட்டார். மிருதங்கம் வாசிக்கிற தட்சிணாமூர்த்தி முடிந்துவிட்டார். மௌனத்தால் உபதேசிக்கிறவர் என்று பெயர் வாங்கியவரிடம் ஒரு தோல்வாத்தியத்தைக் கொடுத்த சிற்பியின் துணிச்சல் எனக்கு ஒவ்வொரு தடவையும் சிரிப்பை வரவழைக்கிறது. நகை என்கிற மெய்ப்பாடு. பூதகணங்களும் சிரித்துக்கொண்டுதான் இருக்கின்றன. அங்கிருந்து பார்வை கீழே இறங்க இறங்க, கல் கல்லாகவே இருக்கிறது. கருவறைக்கும் அடித்தளத்துக்கும் வேலை வந்து சேரவில்லை.

இது ஏன் நின்றது என்பதற்கு ஊரில் கதைகள் உண்டு. தந்தையும் மகனும் சிற்பிகள். மகன் வேலை தன் வேலையை மிஞ்சிவிட்டது என்ற பொறாமையில் தந்தை அவனைக் கொன்றுவிட்டான் என்பது அவற்றில் ஒன்று. மேல்நோக்கிய கலைஞன், பொறாமை, ரத்தம் என்று எல்லாம் சரியாகப் பொருந்துகிற இந்தக் கதை எனக்கு உவப்பாக இல்லை. வங்கியில் உட்கார்ந்து நான் பார்த்தவரை வேலைகள் பாதியில் நிற்பது பொறாமையால் அல்ல. அடுத்த தவணை வராததால். ராஜாவுக்குப் போர் வந்திருக்கும், அல்லது புதிய ராஜாவுக்கு வேறு மலை பிடித்திருக்கும்.

மேலிருந்து வெட்டுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. கீழிருந்து கட்டுகிறவன் நடுவில் நிறுத்தினால் மிஞ்சுவது சுவர். இவர்கள் எங்கே நிறுத்தினாலும் நிறுத்தின இடம் வரை முழுசு. அசௌகரியமும் உண்டு: கை தவறிப் போன மூக்கை ஒட்டவைக்க முடியாது. எனக்கு அங்கே மிகவும் பிடித்த இடம், முடிந்ததும் முடியாததும் சந்திக்கிற அந்த ஒழுங்கற்ற எல்லை. பாதி உருவம் பெற்ற கல்லில் அடுத்து என்ன வந்திருக்கும் என்று ஊகிக்கலாம், ஊகிக்காமலும் இருக்கலாம். நான் பெரும்பாலும் ஊகிப்பதில்லை. பாறை சுடத் தொடங்கும்வரை சும்மா உட்கார்ந்திருப்பேன்.

இன்னும் மேலே போனால் சமணத் திருமேனிகள், வரிசை வரிசையாக. அடியில் வட்டெழுத்தில் இன்ன ஊர் இன்னார் செய்வித்தது என்று பொறித்திருக்கிறது. குயவர், தச்சர், கொல்லர் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. குரத்தியார் என்கிற பெண் துறவிகளும் உண்டு. ஒரு குயவன் தன் பெயரைக் கல்லில் ஏற்றுவதற்கு எத்தனை பானை விற்றிருப்பான் என்று கணக்குப் போடுவது என் தொழில் வியாதி. விடை கிடைப்பதில்லை. அந்த மனுஷனுக்கு ஒரு அருகனைப் பிடித்திருந்தது, அதற்காகச் செலவழித்தான். ஆயிரத்து இருநூறு வருஷமாக அது அங்கே இருக்கிறது. காரணம் எழுதிவைக்கவில்லை.

இனி சினிமா. பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’ 2024 ஆகஸ்டில் வந்தது. அவருடைய முதல் படமான ‘கூழாங்கல்’ 2021-ல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது பெற்றது. இது முதலில் பெர்லின் விழாவில் காட்டப்பட்டது. உரைகல் சமாச்சாரம் இத்தோடு போதும்.

படத்தில் பின்னணி இசை கிடையாது. ஒரு குடும்பம் ஆட்டோவிலும் பைக்குகளிலுமாக ஒரு சாமியாடியிடம் போகிறது. மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். அவளைக் கட்டிக்கொள்ளப்போகிற பாண்டியை அவளுக்குப் பிடிக்கவில்லை. வேறு ஜாதிப் பையன் ஒருவனைப் பிடித்திருக்கிறது. பேய் அவ்வளவுதான். ‘அவளுக்கு அவனைப் பிடித்திருக்கிறது’ என்கிற வாக்கியத்தை ‘அவளைப் பேய் பிடித்திருக்கிறது’ என்று திருத்தி எழுதுவதற்காக இத்தனை பேர் இத்தனை வாகனத்தில் புறப்பட்டிருக்கிறார்கள். வினை மாறவில்லை. அவளிடமிருந்து ‘கு’வைப் பிடுங்கிவிட்டு ‘ஐ’யை வைக்கிறார்கள். உணர்கிறவளாக இருந்தவள் அகப்பட்ட பொருளாகிவிடுகிறாள். தமிழ் இலக்கணம் இவ்வளவு கொடூரமாகப் பயன்பட்டு நான் பார்த்ததில்லை.

மீனா அநேகமாகப் பேசுவதே இல்லை. அன்னா பென் உட்கார்ந்திருக்கிற விதம்தான் வசனம். பாண்டியாக வருகிற சூரிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, கழுத்தில் சுண்ணாம்பு, குரல் கரகரவென்று பாதியில் நின்றுவிடுகிறது. பேசாதவள் ஒருத்தி, பேசியும் குரல் எழும்பாதவன் ஒருவன், நடுவில் கால் கட்டிய ஒரு சேவல். வழியை மறித்துக்கொண்டு ஒரு காளை நிற்கிறது. அத்தனை ஆண்களும் கையைப் பிசைந்துகொண்டிருக்க, ஒரு சிறுமி வந்து அதை நடத்திக் கூட்டிப்போகிறாள். குறைகள் இல்லாமல் இல்லை. சில இடங்களில் குறியீடு கையைத் தூக்கி ஆஜர் சொல்லிவிடுகிறது. அந்தச் சேவலே அப்படி ஒன்று. ஆனால் இசையில்லாத அந்த ரோட்டில் என்ஜின் சத்தத்தையும் காற்றையும் கேட்டுக்கொண்டு போவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கடைசியில் பாண்டி என்ன செய்யப்போகிறான் என்று சொல்லாமலே படம் நின்றுவிடுகிறது. நான் பார்த்த தியேட்டரில் இருபது பேர்கூட இல்லை. பின்வரிசையில் ஒருவர், ‘முடிஞ்சிருச்சா?’ என்று பொதுவாகக் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இரண்டாம் தடவை பார்த்தேன். அப்பாவும் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, பாட்டு எப்போது வரும் என்று கேட்டார். வராது என்றேன். அப்புறம் கேட்கவில்லை. பாதிப் படத்தில், வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது, நிறுத்து என்றார்.

‘ஒங்க அத்தைய இப்பிடித்தான் கூட்டிட்டுப் போனோம். மாட்டுவண்டி. நாந்தான் ஓட்டுனேன்.’

எந்த அத்தை என்று நான் கேட்கவில்லை. மூன்று அத்தைகளில் ஒருத்தியின் போட்டோ மட்டும் எங்கள் வீட்டுச் சுவரில் இல்லை. அம்மா அடுப்படியிலிருந்து வந்து வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் இது புதுச் செய்தி அல்ல என்று முகத்தில் தெரிந்தது. அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘போடு’ என்றார். கடைசி வரை பார்த்தார். எழுந்திருக்கும்போது, ‘அந்தப் பிள்ளகிட்ட ஒருத்தனும் ஒரு வார்த்த கேக்கலியே’ என்றார். படத்தில் வரும் பிள்ளையைத்தான் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன்.

இந்தப் படத்தைப் பற்றி நான் ஒரு மதிப்புரை எழுதி வைத்திருந்தேன். ஷாட்டுகளின் நீளம், ஒலி, பயணத்தைக் கதையாக்குகிற முறை, இரண்டு படங்களுக்கும் உள்ள ஒற்றுமை என்று பத்துப் பக்கம். மேஜை டிராயரில் இருக்கிறது. சொல்லியிருப்பதெல்லாம் சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அதில் மாட்டுவண்டி இல்லை. ஆசிரியர் கேட்டால் கொடுப்பேன். அப்பாவிடம் படம் பிடித்ததா என்று மட்டும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்த வினைக்கு அவரிடம் எந்த வேற்றுமையைப் போடுவது?

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ராத்திரி நாதஸ்வரம் கொஞ்சம் ஜாஸ்தியாகிவிட்டது. காருகுறிச்சி அருணாசலம் கோவில்பட்டியில் வாழ்ந்தவர். ராஜரத்தினம் பிள்ளையின் சிஷ்யர். 1921-ல் பிறந்து 1964-ல் போய்விட்டார். வெளியூர்க்காரர்களுக்கு அவரைக் ‘கொஞ்சும் சலங்கை’யில் (1962) எஸ். ஜானகியின் குரலோடு வாசித்த அந்த ஆபேரியை வைத்துத்தான் தெரியும். அது பிடித்தவர்கள் அவருடைய கச்சேரிப் பதிவுகளைத் தேடிக் கேட்க வேண்டும். சினிமாப் பாட்டில் குரலுக்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது. ஆலாபனையில் அவர் யாருக்காகவும் ஒதுங்குவதில்லை. அவ்வளவு பெரிய வாத்தியத்தை அவ்வளவு மெதுவாகவும் ஊத முடியும் என்பதைக் கேட்டுத்தான் நம்ப வேண்டும். பக்கத்து இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணனுக்கும் கு. அழகிரிசாமிக்கும் சங்கீதப் பித்துப் பிடித்திருந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அப்பா சின்னப்பிள்ளையாக அவரை நேரில் கேட்டதாகச் சொல்வார். பத்து வயசுகூட நிறைந்திருக்காது. யார் கல்யாணம், எந்த ஊர் என்பதை ஒவ்வொரு தடவையும் மாற்றிச் சொல்வார். மாறாமல் சொல்வது வாசனைகளை: சந்தனம், பெட்ரோமாக்ஸ் விளக்கு, பந்தியிலிருந்து வருகிற சாம்பார். ஒரு ராத்திரி, என் போனைக் காதோரம் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவர், ‘கல்யாண வீட்டு வாசம் வருது’ என்றார். அம்மா சந்தோஷத்தில் மறுநாள் காலையிலேயே தேங்காய் வறுத்து அரைத்துச் சாம்பார் வைத்தாள். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, ஒன்றும் தெரியவில்லை, புளிப்பு இருக்கிறது என்றார்.

அந்தப் பழைய பதிவுகளில் பல அரைகுறை. எந்தத் திருவிழாவிலோ யாரோ எடுத்தவை. குழந்தை அழுகிறது, யாரையோ யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், தவில் ஓரிடத்தில் ஓங்கிவிடுகிறது. ராகம் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது நாடா தீர்ந்து, சத்தம் அப்படியே அறுந்துவிடும். அப்பா போனைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டுவார், இன்னொன்று போடச் சொல்லி.